குலுக்கிப் பார்த்த சுரைக்காய்

எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. வீட்டிலிருக்கிற மனுசன் கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குற்றச்சாட்டு இது. அவர் பேர்லினில் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஒரு இருக்கையில் இருந்துவிட்டு வந்து, வீட்டிலும் இன்னொரு இருக்கையில் போய் இருக்கக்கூடிய பிறவி. நான் தொலைபேசியில் கதைத்தபடியே யன்னல் துடைப்பேன். சோறு வடிகிற நேரத்தில் உடுப்பு மடிப்பேன். தேத்தண்ணி குடிப்பதென்றாலும் நின்றுகொண்டுதான்.

"இஞ்சேரும், குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்துறீர்? கொஞ்சம் இரும்" என்பார்.

இருந்து என்னத்தைச் செய்கிறது? இருந்தால் உள்ளுக்குள் ஓர் அந்தரம் தொடங்கிவிடும். அடுப்பில் ஏதோ எரிகிற மாதிரி, வாசலில் யாரோ காத்து நிற்கிற மாதிரி. எழும்பிப் போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும், வாசலில் ஒரு சனமும் இராது. நான் ஒரு கிண்டர்கார்டன் குசினியில் சமைக்கிறேன். அங்கே எண்பது பிள்ளைகளுக்குச் சூப் வைக்கிற வரைக்கும் இந்த அந்தரத்துக்கு வேலை இருக்கிறது. வேலை முடிந்த பிறகு அது என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த அந்தரம் ஒருமுறை, உயிரோடு இருக்கிற ஒரு தாயை அவள் மகளிடமிருந்து பறிக்கப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

மகள் என்றது என் மேல்மாடிக்காரியை. அவளை நான் முதலில் கண்டது பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் தமிழ்க்கடையில். அங்கே தேங்காய்கள் ஒரு பெட்டிக்குள் குவிந்து கிடக்கும். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்குவேன். தண்ணீர் தளதளவென்றால் நல்லது, சத்தமே இல்லையென்றால் வீண். எல்லாரும் செய்கிறதுதானே. அன்றைக்குப் பெட்டியின் மறுபக்கம் நின்ற ஒருத்தியும் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கையில் இரண்டு தேங்காய். ஒன்று மாறி ஒன்று குலுக்கினாள். இடுப்பும் சேர்ந்து அசைந்தது.

கடைக்கார அண்ணை என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அக்கா, உந்த மனுசிக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. இது தேங்காய்க் கடை, டிஸ்கோ இல்லை."

அவளுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் ஏச்சு விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தாள். இடக்கைத் தேங்காயை என்னிடம் நீட்டி, "இதை எடு. இது பாடுது" என்றாள். வீட்டுக்கு வந்து உடைத்தேன். அந்த மாதம் உடைத்ததில் அதுதான் திறமான தேங்காய். அடுத்த கிழமை படிக்கட்டில் பார்த்தால் அவளேதான், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்திருக்கிறாள். "வெசினா!" என்று கட்டிப்பிடித்தாள். அவர்களுடைய ஸ்பானிஷில் அயல்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அன்றிலிருந்து நான் அவளுக்கு வெசினா.

நாங்கள் இருவரும் கதைப்பது ஜெர்மன். அவளுடையது கொலம்பியாவின் கடற்கரையில் ஊறியது, என்னுடையது யாழ்ப்பாணத்தில் ஊறியது. அதை இங்கே அப்படியே எழுத எனக்கு ஏலாது. அவளும் யாழ்ப்பாணத்துக்காரி மாதிரிக் கதைக்கிறாள் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் வைத்தியர் ஒருவரின் இடத்தைத் துப்புரவாக்குகிறது அவளுடைய வேலை. ஆனால் அவளுடைய சீவன் கிடந்தது தோட்டத்தில். நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், சங்கம் வைத்துப் பகிர்ந்து கொடுக்கிற சின்னத் தோட்டங்கள் இருக்கின்றனவே, ஷ்ரேபர்கார்ட்டன், அதில் ஒன்று வருசக்கணக்காகக் காத்திருந்து அவளுக்குக் கிடைத்தது. தனியாகப் பார்க்க முடியாமல் பாதியை எனக்குத் தந்தாள். ஒரு பிளம்ஸ் மரம், ஒரு மரக்கொட்டில், இரண்டுக்கும் நடுவில் துவாய் காயப்போட ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

என் பக்கத்தில் போஞ்சி நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கும். அவள் பக்கத்தில் சோளம், சூரியகாந்தி, அதற்குள் பெயர் தெரியாத புல்பூண்டெல்லாம். களையைக் கண்டால் என் கை சும்மா இராது. ஒருநாள் கயிற்றைத் தாண்டிப்போய் அவள் பக்கத்திலும் பிடுங்கத் தொடங்கிவிட்டேன்.

"விடு, விடு! அது தானா வந்தது. விருந்துக்கு வந்ததை ஏன் துரத்துறாய்?"

"விருந்தோ? இது போற எண்ணம் இல்லாத விருந்து!"

"நானும் நீயும் மட்டும் போற எண்ணத்தோடயா வந்தனாங்கள்?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பக்கத்துக்குத் திரும்பி வந்து, களையில்லாத இடத்தையே இன்னொருமுறை கொத்தினேன்.

சனிக்கிழமைகளில் அவளுடைய கூட்டாளிகள் நாலு பேர் வருவார்கள். பிளம்ஸ் மரத்தடியில் கும்பியா வாசிப்பார்கள், அது அவர்கள் ஊர்க் கரையோரத்து ஆட்டப் பாட்டு. சங்கத்துக்காரர்கள் மத்தியானத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரு சத்தமும் வரக்கூடாது என்பார்கள். மூன்று அடித்ததும் இவர்கள் தொடங்குவார்கள். முதல் தடவை கேட்டபோது, 'இதென்னடா இது, தொடங்கின இடத்திலேயே நிக்குது' என்று எனக்கு எரிச்சல். மேளத்தில் ஒன்று சும்மா "இஞ்ச வா, இஞ்ச வா" என்று ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொன்று அதைக் கேலி பண்ணிச் சிரிக்கும். வரிவரியாக வெட்டிய ஒரு தடியைக் கம்பியால் உரஞ்சுவான் ஒருவன். அந்தத் தடிக்கு அவர்கள் ஊர்ப் பறவை ஒன்றின் பெயராம். விடியற்காலையில் கத்திச் சனத்தை எழுப்புகிற, ஒருவருக்கும் பிடிக்காத பறவையாம். பிடிக்காததின் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "அது இல்லாமல் விடியாதே" என்றாள்.

அவள் வாசித்தது குழல். கள்ளியின் நடுத்தண்டைக் குடைந்து செய்தது. தலைப்பக்கம் கறுப்பாக ஒரு கட்டி, தேன்மெழுகில் கரித்தூளைக் குழைத்து வைத்தது. ஊதுகிற வாய், ஒரு தாரா வாத்தின் இறகுத்தண்டு. ஒரு செடி, ஒரு பூச்சி, ஒரு பறவை, கொஞ்சம் நெருப்பு என்று விரல் மடித்துக் காட்டினாள். "என்ர மூச்சு மட்டும்தான் என்ரை. மிச்சமெல்லாம் இரவல்." வாசித்துக்கொண்டிருக்கும்போது மரத்தில் ஒரு கருங்குருவி வந்து இருந்தால் பாட்டை அப்படியே விட்டுவிட்டு அதோடு சண்டைக்குப் போவாள். அது ஒன்று சொல்ல, இவள் அதைக் கோணலாக்கித் திருப்பிச் சொல்ல, அது கோபித்துக்கொண்டு பறக்க, மேளக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒழுங்காக ஒன்றை முடிக்க மாட்டீர்களா என்று எனக்கு வாய் துடிக்கும். ஆனால் கால் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும். அவள் அதைக் கண்டுவிட்டாள்.

"வெசினா, உனக்கு ஓடத் தெரியும். இருக்கத் தெரியாது. கும்பியா ரெண்டுக்கும் நடுவில. ஒரு காலை மண்ணை விட்டு எடுக்காத. மற்றது என்னவும் செய்யட்டும்."

எனக்கு அது வரவேயில்லை. ஊன்றச் சொன்ன கால்தான் முதலில் கிளம்பும்.

குழலை அவள் ஒரு கையால் பிடிப்பாள். மற்றக் கையில் மராக்கா. காய்ந்த குடுவைக்குள் மணிகள் போட்டு, பிடி வைத்த கிலுகிலுப்பை. அவர்கள் ஊரில் ஒரு மரத்தில் சுரைக்காய் மாதிரி உருண்டையாக ஒன்று காய்க்குமாம், அதன் ஓடு. உள்ளே அவளுடைய தாய் தன் வளவில் பொறுக்கிப் போட்ட விதைகள். செய்ததும் தாய்தான். அவள் நாட்டை விட்டு வரும்போது உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். அதன் சத்தம் எப்படியென்றால், தகரக் கூரையில் மழை விழத் தொடங்கும்போது முதல் நாலு துளி விழுகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் தாயோடு கதைப்பாள். அங்கே அப்போது காலை. தோட்டத்துக்கு வந்துதான் கதைப்பாள். வீட்டிலிருந்து கதைத்தால் தாய், "ஏன் பெட்டிக்குள்ள இருக்கிறாய்?" என்று கேட்பாவாம். அவள் அண்ணன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தாய்க்கு மறதி வந்து கனகாலம். முகத்தைக் காட்டினால் தெரியாது. குரலைக் கேட்டாலும் தெரியாது. மராக்காவைக் குலுக்கினால் மட்டும் அந்த முகம் சட்டென்று திரும்பும். "மிஹா! மழை வருது, உடுப்பை எடு!" மிஹா என்றால் என் மகளே. பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், தாயும் மகளும் கதைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கோழி, மாமரம், யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று. பிறகு மழை விட்டுவிடும், தாயும் போய்விடுவா. அவள் எல்லாவற்றையும் எனக்குச் சிரித்துச் சிரித்து மொழிபெயர்ப்பாள். நான் போஞ்சிக்கு நூல் கட்டியபடி கேட்பேன்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள்.

ஏப்ரல் மாதம். சுரை போடுகிற காலம் போய்க்கொண்டிருந்தது. இங்கே கோடை ஒரு கைப்பிடிதான், விதையை ஏப்ரலில் யன்னலோரம் முளைக்க வைக்காவிட்டால் உறைபனிக்கு முன்னர் ஒரு காய் காணமுடியாது. சந்தையில் சுரை விதை கண்டால் வாங்கி வா என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் கண்டபோது, "கிடைச்சுது. கொட்டிலுக்குள்ள வச்சிருக்கிறன். நாளைக்கு வந்து எடுத்துத் தாறன்" என்றாள்.

நாளைக்காம்! எனக்கு எங்கே பொறுக்கிறது? சனி காலை எட்டு மணிக்கே போய்க் கொட்டிலைத் திறந்தேன். யன்னல் தட்டில், வெயில் படுகிற இடத்தில், காய்ந்த குடுவை ஒன்று இருந்தது. மண்ணிறம், உருண்டை, அடியில் மெழுகால் அடைத்த ஒரு சின்ன ஓட்டை. எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினேன். கலகலவென்றது.

எங்கள் வீட்டில் விதைக்கென்று ஒரு சுரைக்காயை ஆயாமல் விட்டுவைப்பார்கள். அது கொடியிலேயே முற்றி, காய்ந்து, பிறகு குசினிக்குள் புகையில் தொங்கும். குலுக்கினால் விதை கிலுங்க வேண்டும். கிலுங்கினால் உடைக்கலாம். அதை அறியாத யாழ்ப்பாணத்துப் பொம்பிளை உண்டோ? 'பரவாயில்லையே, பாக்கெட் விதை வாங்காமல் முழு விதைக்காயே தேடிப் பிடிச்சிருக்கிறாள்' என்று அவளை மெச்சிக்கொண்டே வாசற்படியில் வைத்து மண்வெட்டிப் பிடியால் ஒரு போடு போட்டேன். ஒரே போடு. நல்லாய்த்தான் உடைந்தது.

உள்ளே சுரை விதை இல்லை. மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, வழுவழுவென்று உருண்டை மணிகள் சிதறி ஓடின. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கல்வாழை மணி. கோயில் வீதியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அந்தக் கல்வாழை. சுரைக்காய்க்குள் கல்வாழை எப்படி வந்தது? ஓட்டுத் துண்டின் உட்பக்கம் தடவிப் பார்த்தேன். யாரோ கரண்டியால் பொறுமையாக வழித்து வழுவழுப்பாக்கி இருந்தார்கள். அப்போதுதான் தட்டின் மூலையில் கிடந்த தடியை, மராக்காவின் பிடியைக் கண்டேன். பிடி கழன்றுபோனதால், மெழுகு வைத்துத் திரும்ப ஒட்டுவதற்காக அவள் கழற்றி வைத்திருந்திருக்கிறாள்.

அப்படியே மண்ணில் விழுந்து மணிகளைப் பொறுக்கினேன். புல்லுக்குள், கல்லிடுக்கில், வாசற்படிக்குக் கீழே. பொறுக்கிய மணிகளைக் கொட்டிலில் கிடந்த ஒரு கடுகுத் தகர ரின்னுக்குள் போட்டேன். ரின்னையும் ஓட்டுத் துண்டுகளையும் என் பைக்குள் ஒளித்தேன். வாங்கி வைத்திருந்த சுரை விதை ஒரு சின்னக் காகிதப் பையில் தட்டுக்குக் கீழே இழுக்கிற லாச்சிக்குள் கிடந்தது. அதை நான் தொடவேயில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே மாடியேறிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கால் எங்கெல்லாமோ ஓடியது, அந்த ஒரு மாடி ஏறமட்டும் ஏலாமல் போயிற்று.

அன்று அவளுக்குத் திடீரென்று வேலை வந்ததால் தோட்டத்துப் பக்கம் வரவில்லை, பின்னேரம் கும்பியாவும் இருக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு நாலரைக்கு அவள் மெழுகும் கையுமாக வந்தாள். நான் ஏற்கெனவே அங்கே. கொத்திய நிலத்தையே கொத்திக்கொண்டு. கொட்டிலுக்குள் போனாள், வந்தாள், திரும்பப் போனாள்.

"வெசினா, என்ர மராக்காவைக் கண்டனியோ?"

"இல்லை." பிறகு என் வாய் தானாக, "மரநாய் ஒண்டு திரியுது. அதுதான் கொண்டு போயிருக்கும்" என்றது. கார் வயரைக் கடிக்கிற மரநாய்கள் இங்கே இருக்கின்றன, அது பொய்யில்லை. ஆனால் கிலுகிலுப்பை தூக்குகிற மரநாயை இந்த நாட்டிலே நான்தான் கண்டுபிடித்தேன்.

அவள் பற்றைக்குள் தேடினாள். வேலியோரம் தேடினாள். ஐந்து மணியாயிற்று. வேறு வழியில்லாமல் லாச்சியிலிருந்த விதைப் பையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். கைபேசியில் தாயின் முகம் வந்தது. சுரை விதையைக் குலுக்கினாள். அது சரசரவென்று காகிதச் சத்தம் போட்டது. தாய் திரும்பவில்லை. குழலை எடுத்து ஊதினாள். திரும்பவில்லை. "மமா, நான்தான்" என்றாள். இரண்டு முறை, மூன்று முறை. தாய் அப்போது நேராகப் பார்த்து, மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னா. "செஞோரா" என்ற சொல் என் காதில் விழுந்தது. வேற்றுப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது.

அவள் கைபேசியை மடியில் வைத்தாள். வழக்கம்போல எனக்கு மொழிபெயர்த்தாள், சிரிக்காமல். "உங்கட அம்மாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ, எண்டு சொல்றா."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து பையைத் திறந்து ஓட்டுத் துண்டுகளை அவள் முன்னால் வைத்தேன். கடுகு ரின்னையும் வைத்தேன். "நான்தான். விதைக்காய் எண்டு நினைச்சு உடைச்சிட்டன். மரநாய் இல்லை, நான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இரண்டு துண்டை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். நடுவில் ஒரு துண்டு தூளாகிப் போயிருந்தது. எதைக் கண்டாலும் குலுக்கிப் பார்க்கிறவள், அந்த ரின்னைக் குலுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

இரண்டு கிழமை. படிக்கட்டில் அவள் காலடி கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவள் கடந்து போவாள். அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு மேல்மாடியில் அவள் நடக்கிறது கேட்டது, யன்னலுக்கும் கதவுக்குமாக. கீழே நானும் நடந்தேன்.

"மேலையும் ஒரு பூனை, கீழையும் ஒரு பூனை" என்றார் அவர். முறைத்தேன்.

நான் சும்மா இருந்தேனா? கடைகடையாக ஏறினேன். ஒரு கடையில் சாயம் பூசிய மராக்கா, இன்னொன்றில் பிளாஸ்டிக். கிண்டர்கார்டனில் பிள்ளைகளின் பெட்டியிலிருந்ததையும் குலுக்கிப் பார்த்தேன். எல்லாம் சீனிப் போத்தல் மாதிரிச் சத்தம். எங்கள் கடைக்குப் போய்ச் சாமான் எடுக்கும்போது கை பழக்கத்தில் ஒரு தேங்காயைத் தூக்கிக் காதோடு வைத்தது. வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அட, சிரட்டை! உருண்டை, கனம், மரத்திலே காய்த்தது. அவள் ஊரிலும் தென்னை உண்டு.

முதல் தேங்காய் மூன்றாகப் பிளந்தது. இரண்டாவது பிளந்தது நேராக, ஆனால் ஓரம் பல்லுப்பல்லாக. பூப்பறித்த மாதிரி இரண்டு சம பாதி வர, கத்தியின் முதுகால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். மெதுவாக என்பதுதானே என் சாதகத்தில் இல்லை. வீட்டில் காலையில் புட்டும் சம்பலும், இரவில் இடியப்பமும் சொதியும். நாலாம் நாள் அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உடைச்சது சுரைக்காய். தேங்காயை ஏனப்பா போட்டு உடைக்கிறீர்?"

சொன்னேன். உடைத்ததை மட்டும் அறிந்திருந்தவருக்கு முழுவதையும் சொன்னேன், மரநாய் உட்பட. அவர் சிரிக்கவில்லை. தேங்காயையும் கத்தியையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தன் இருக்கையில் போய் இருந்தார். டொக், டொக், டொக். அரை மணித்தியாலம். நான் நாலு தரம் எட்டிப் பார்த்தேன், "அங்கால போம்" என்றார். கடைசியில் அளந்து அறுத்த மாதிரி இரண்டு பாதி. அதற்குப் பிறகு மூன்று பின்னேரம், உடைந்த கண்ணாடித் துண்டால் உள்ளும் புறமும் சுரண்டி, சிரட்டையை மெல்லிசாக்கினார். அந்த மனுசன் இருக்கிற இருப்புக்கு முதல்முறையாக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை மாடியேறினேன். பதினெட்டுப் படி. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒரு பாதியை எடுத்து நகத்தால் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள்.

"நீ அவசரப்பட்டாய்."

"ஓம்."

"நான் நாளைக்கு எண்டனான். உனக்கு ஒரு நாள் பொறுக்க ஏலாமல் போச்சு."

"ஓம்."

"பொய்யும் சொன்னாய். பாவம், அந்த மரநாய்." அவள் வாயோரம் துடித்தது. "முதல்ல அதிட்ட மன்னிப்புக் கேள். பேந்து பாப்பம்."

விளையாட்டென்று நினைத்தேன். இல்லை, தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பற்றைக்கு முன்னால் நிறுத்தினாள். பட்டப் பகலில், பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் புல்லு வெட்டுகிறதை நிறுத்திவிட்டுப் பார்க்க, "ஐயா மரநாயாரே, நான் செய்தது பிழை, உம்மில பழி போட்டிட்டன், மன்னிச்சுக் கொள்ளும்" என்று நல்ல தமிழில் கும்பிட்டேன். அவள் புல்லில் விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அழத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். போன ஞாயிறும் தாய் அவளை செஞோரா என்றுதான் சொன்னாவாம்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். மெழுகை உருக்கிக் கரித்தூளைக் குழைத்தாள். கல்வாழை மணிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். போடுவாள், பாதிகளைப் பொத்திக் குலுக்குவாள், கேட்பாள், ஒன்றை எடுப்பாள். எனக்குக் கை பரபரத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் என்ன? கையை இரண்டு தொடைக்கும் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். விளிம்பில் மெழுகு வைத்து மூடி, என் போஞ்சி நூலால் இறுக்கிச் சுற்றி, பிளம்ஸ் கொப்பில் ஒரு பிடி செருகினாள். குலுக்கினாள். பழைய சத்தம் இல்லை. தகரக் கூரை இல்லை. இது கொஞ்சம் தடித்த, உள்ளடங்கிய சத்தம்.

"அம்மாவுக்கு இது தெரியாது" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த நாள் ஐந்து மணி. நல்ல வெயில். கைபேசியைப் பிளம்ஸ் கிளையில் சாய்த்து வைத்தாள். தாய் ஒரு நாற்காலியில் இருந்தா, பார்வை எங்கேயோ. அவள் குலுக்கினாள். ஒன்றும் இல்லை. திரும்பக் குலுக்கினாள். தாய் தன் பாவாடைக் கரையை நீவிக்கொண்டிருந்தா. எனக்கு இருக்க முடியவில்லை, எழும்பினேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "இரு" என்றாள். கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தேன். கால் எழும்பிப் போகப் பார்த்தது. ஒரு காலை மண்ணில் அழுத்திப் பிடித்தேன். மற்றது என்னவும் செய்யட்டும் என்று விட்டேன். அவள் நிறுத்தாமல் குலுக்கினாள், கும்பியா மாதிரி, போகாமலும் நிற்காமலும்.

தாயின் கை நின்றது. தலை சாய்ந்தது, தூரத்தில் எதையோ கேட்கிற மாதிரி. பிறகு வேகமாக ஏதோ சொன்னா. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் அதற்குள் இரண்டு சொல் எனக்குத் தெரிந்த சொல். ஒன்று மிஹா. மற்றது வெசினா.

அவள் குலுக்குவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுப்பினேன். "என்ன சொன்னவ? சொல்லன், என்ன சொன்னவ?"

"மழை வருதாம்" என்றாள். "எங்கட வீட்டில இல்லையாம். பக்கத்து வீட்டிலயாம், தென்னையில விழுற சத்தம் கேக்குதாம்." மூக்கை உறிஞ்சினாள். "மகளே, அயல்காரிக்குச் சொல்லு, கெதியா உடுப்பை எடுக்கட்டாம்."

வானத்தில் ஒரு முகில் இல்லை. நான் எழும்பி ஓடிப்போய்க் கயிற்றில் கிடந்த துவாயையும், என் மனுசனின் தோட்டக் கையுறை இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.